கம்போங் காந்தியும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும்



பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்கு அருகில், கம்போங் காந்தி என்றொரு புறம்போக்குக் குடியிருப்பு இருந்தது. அண்ணலின் பெயரைத் தாங்கிய அவ்விடமும் அதைச் சூழ்ந்த கம்போங் மேடான், கம்போங் லிண்டுங்கான் முதலிய இடங்களும் 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வன்முறைக் களமாயின. அறுவர் உயிரிழந்தனர், பலர் வெட்டுக்காயம் அடைந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் நம் இனத்தவர்.

எங்கே தொடங்கியது அந்தத் தீ? மார்ச்சு 4ஆம் நாள், அருகருகே ஒரு வீட்டில் திருமணம், இன்னொரு வீட்டில் இறப்பு. திருமண வீட்டார் போட்டிருந்த பந்தலையும் நாற்காலிகளையும் முன்னிட்டு வாய்ச்சண்டை மூண்டது. மார்ச்சு 8ஆம் நாள், வண்டிக் கண்ணாடி ஒன்று உடைந்தது தொடர்பாக மற்றொரு சச்சரவு. அன்று சொல்லப்பட்ட விளக்கம் இதுதான். பிறகு வதந்தி பரவியது; தெருவில் தனியே சென்றவர்கள் தாக்கப்பட்டனர். பொது விசாரணை வேண்டும் என்று பல தரப்பினர் கேட்டும் அது நடைபெறவில்லை. இந்நிகழ்வைப் பற்றிக் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்னும் நூலும் பின்னர் தடை செய்யப்பட்டது.

நாற்காலிக்காகவா ஆறு உயிர்கள் போயின? இல்லை. வறுமை, நெருக்கடியான குடியிருப்பு, வேலையின்மை, இனங்களுக்கிடையே நெடுநாள் ஊறிய ஐயம் ஆகிய யாவும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆயினும், முதல் நாளிலேயே இரு வீட்டாரையும் அமர வைத்துப் பேச இரு தரப்பும் நம்பும் ஒருவர் இருந்திருந்தால் என்ற கேள்வி இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை.

ஒரு காலத்தில் நம்மவரிடையே அத்தகையோர் இருந்தனர். தோட்டப்புறங்களில் பஞ்சாயத்து என்ற அமைப்பு வழக்கிலிருந்தது. லயத்துச் சண்டைகளும் குடும்பப் பிணக்குகளும் பெரியவர்கள் முன்னிலையில் தீர்க்கப்பட்டன. அதில் குறைகள் உண்டு. சாதியும் செல்வாக்கும் தீர்ப்பில் புகுந்தன. பெண்களின் குரல் அரிதாகவே கேட்டது. ஆனாலும் பூசல் முற்றுமுன் பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது. 1970களுக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மக்கள் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களுக்குப் பெயர்ந்தபோது, அந்த இடமும் அற்றுப்போயிற்று. மேலும், அண்டை வீட்டார் வேற்றினத்தவராக இருக்கும் ஊரில் தோட்டப் பஞ்சாயத்து பயன்படவும் செய்யாது.

அரசும் இதை உணராமல் இல்லை. 1969 மே 13 கலவரத்தின் வடு ஆறாத காலத்தில், 1975இல் துன் அப்துல் ரசாக் 'ருக்குன் தெத்தாங்கா' எனும் அண்டை அயலார் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதன் தொடக்க விழா நடந்த இடம் கோலாலம்பூரில் காசிப்பிள்ளை என்ற தமிழ்ப் பெயரைத் தாங்கிய கம்பம் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. முதலில் அது இரவுக் காவலையே பெரிதும் நோக்கமாகக் கொண்டிருந்தது. 1980களில் அண்டை உறவை வளர்க்கும் பணிக்குத் திரும்பியது. காவல் சுற்றுவதற்குப் பழகிய நாம், பேசிப் பகை தீர்க்கப் பழகவில்லை என்பதே கம்போங் மேடான் உணர்த்திய உண்மை என்பேன்.

2007 வாக்கில் தேசிய ஒருமைப்பாட்டுத் துறை, ருக்குன் தெத்தாங்கா உறுப்பினர்களுக்குச் சமூக நடுவர் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2012ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டம், அண்டை வீட்டார் பிணக்குகளில் சமரசம் செய்வதை அக்குழுக்களின் பணிகளுள் ஒன்றாக்கியது.

இப்பயிற்சியில் கற்பிப்பது என்ன? நடுவர் தீர்ப்பு வழங்குவதில்லை. பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள முதன்மை வேறுபாடு இதுவே. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. நடுவர் தாம் கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நீங்கள் சொல்ல வந்தது இதுதானா?" என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சினம் மிகுந்தால் இருவரையும் தனித்தனியே சந்திக்கலாம். முடிவை அவ்விருவரே எட்ட வேண்டும். வாகனம் நிறுத்துமிடம், இரைச்சல், வளர்ப்பு நாய், குப்பை, பிள்ளைகளின் சண்டை இவைதாம் பெரும்பாலும் வரும் வழக்குகள். குற்றச் செயல் என்றால் காவல் துறைக்கே செல்ல வேண்டும்.

காந்தியடிகளும் 1938இல் 'ஹரிஜன்' இதழில் அமைதிப் படையினருக்குரிய தகுதிகளை எழுதியபோது இதையொத்த கருத்தையே வலியுறுத்தினார். கலவரம் மூண்ட பின் ஓடி வருபவரால் பயனில்லை; அவ்வட்டாரத்து மக்களுக்கு அன்றாடம் தொண்டு செய்து முன்பே அறிமுகமானவரே அமைதி காக்க வல்லவர் என்பது அவர் கருத்தின் சாரம்.

இத்தகைய பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என நான் கூறவில்லை. வீடில்லாதவனுக்கு வீடும், வேலையில்லாதவனுக்கு வேலையும் சமரசப் பேச்சால் கிடைத்துவிடா. நீதி கேட்பவனை 'சமாதானமாகப் போ' என்று அடக்கும் கருவியாகவும் அது மாறிவிடக் கூடாது. ஆனால், கண்ணாடி உடைந்த அன்றே பேசத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நால்வர் இருந்தால், வதந்திக்கு வேலை குறையும்.

இறுதியாக, ஆசிரியன் என்ற முறையில் ஒன்று. நம் பள்ளிகளில் 'வெகுளாமை' அதிகாரத்தை மாணவர்களுக்கு மனனம் செய்விக்கிறோம். வகுப்பில் இருவர் அடித்துக்கொண்டால் மட்டும் பிரம்பை எடுக்கிறோம், அல்லது 'மன்னிப்புக் கேள்' என்று அதட்டி அனுப்புகிறோம். நானும் பல்லாண்டு அப்படிச் செய்தவன்தான். இப்போது, "உன் நண்பன் என்ன சொன்னான்? அதை முதலில் நீ சொல்" என்று இருவரையும் கேட்கிறேன். பாதி நேரம் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதி நேரம் முடிவதில்லை. ஆயினும் கேட்கும் பழக்கம் பிள்ளைகளிடம் மெல்ல வளர்கிறது.

அந்தப் புறம்போக்கு வீடுகளின் இடத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. 2001இல் குழந்தைகளாய் இருந்தோர் இன்று பெற்றோராகியுள்ளனர். ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். திருக்குறளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அதன்படி பேசவும் கேட்கவும் சேர்த்தே பழக்குவோமாக!