வெட்டுப்புள்ளி

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் ஒரு கற்கைநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவான மாணவர் பெற்ற இசட் புள்ளியே (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணித்த புள்ளி) அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி எனப்படும். அது சித்தி எல்லை அன்று. எவரும் அதை முன்கூட்டி நிர்ணயிப்பதும் இல்லை. இடங்களை நிரப்பி முடித்த பிறகுதான் அந்த எண் தெரியவரும். அதனால் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்குமா என்று கணிக்கும் பெற்றோர், ரியூசன் ஆசிரியர், அதிபர் எல்லோரும் கையில் வைத்திருப்பது சென்ற ஆண்டின் எண்ணைத்தான். க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கிலொருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றில் நெருக்கடி இதைவிடப் பன்மடங்கு.

தரப்படுத்தலுக்கு முன்

கொழும்பில் 1921-இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பின்னதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அப்போது போட்டி ஆங்கிலத்தில் படித்த சிறு வட்டத்துக்குள் நடந்தது. கூடிய புள்ளி எடுத்தவர் உள்ளே போனார், மாவட்டத்தையோ மொழியையோ யாரும் கேட்கவில்லை. 1945-இல் வந்த இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்த சுயமொழிக் கல்வியும் இந்த வட்டத்தை உடைத்தன. பரீட்சைக்கு அமர்வோர் தொகை பல மடங்காகியது. பல்கலைக்கழக இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

விஞ்ஞானத் துறைகளில் யாழ்ப்பாணம் முன்னணியில் நின்றதற்குக் காரணங்கள் பழையவை. அமெரிக்க மிசன் 1816-இல் வந்திறங்கியது. 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. மிசன் பாடசாலைகளுக்குப் போட்டியாகச் சைவப் பாடசாலைகள் எழுந்தன. ஆறில்லாத, கிணற்றை நம்பிய தோட்ட நிலம் பெருகும் குடும்பங்களுக்குப் போதவில்லை, உத்தியோகமே சொத்தாயிற்று. 1956-இன் தனிச் சிங்களச் சட்டம் எழுதுவினைஞர் வேலையின் கதவைச் சாத்தியபின், மொழியை அதிகம் கேளாத மருத்துவமும் பொறியியலும் ஒரே வழியாகின. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி போன்றவற்றின் ஆய்வுகூடங்களுக்கு ஈடானவை தென்னிலங்கைக் கிராமங்களில் இல்லை. 1960-களின் இறுதியில் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குப் புதிதாகச் சேர்ந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழ் மாணவர். 1971 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அடுத்த பத்தாண்டின் அரசியல் பேசப்பட்டது.

1971 முதல் 1978 வரை

1970-இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் விடைத்தாள்களுக்குப் புள்ளியை அள்ளி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு அவ்வாண்டு கிளம்பியது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 1971 அனுமதியில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் வந்துவிட்டன. 400 புள்ளிகளில் பேராதனை பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு முறையே 229-உம் 250-உம். ஒரே வினாத்தாளுக்கு இரண்டு மொழிகளில் விடை எழுதிய இருவரில் ஒருவர் இருபத்தொரு புள்ளி குறைவாக எடுத்தும் மருத்துவரானார். மற்றவர் வீட்டுக்குத் திரும்பினார். இதைச் சலுகை என்று அரசு சொன்னது. இழந்த பக்கம் அதற்கு வேறு பெயர் வைத்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கில் இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி வெடித்தது. அதில் நின்றவர்கள் பெரும்பாலும் படித்தும் வேலையில்லாத கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். கிராமங்களுக்கு வாய்ப்புக் காட்ட வேண்டியிருந்த இந்தப் பின்னணியை விட்டுவிட்டுத் தரப்படுத்தலைப் படிப்பது அரைகுறைப் படிப்பு.

அப்பட்டமான இரட்டை எல்லை கண்டனத்துக்கு உள்ளானதால் 1973-இல் கணிதப் போர்வை ஒன்று போர்த்தப்பட்டது. ஒவ்வொரு மொழியிலும் எழுதியோரின் புள்ளிகள் தனித்தனியே தரப்படுத்தப்பட்டு ஒரு பொது அளவுக்குக் கொண்டுவரப்பட்டன. தரப்படுத்தல் என்ற சொல் ஈழத் தமிழில் வேரூன்றியது அப்போதுதான். அது இன்றுவரை 1971 முதல் நடந்த எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கிறது. 1974-இல் அதன்மேல் மாவட்டக் கோட்டா ஏற்றப்பட்டது. 1975-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ற இடங்களையே பெற்றது. அடி விழுந்தது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும். கண்டியச் சிங்களக் கிராமங்கள் மட்டுமன்றி வவுனியா, மன்னார், மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களும் கோட்டாவால் பயன் பெற்றனர். யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1976-இல் 70 சதவீத இடங்கள் புள்ளி அடிப்படையிலும் 30 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் எனத் தளர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது. தமிழ் மாணவர் பேரவை 1970-களின் தொடக்கத்திலேயே தெருவுக்கு இறங்கியிருந்தது. அனுமதி மறுக்கப்பட்ட தலைமுறையிலிருந்து இளைஞர் இயக்கங்கள் பிறந்தன. பின்னாளைய போரின் வேர்களில் ஒன்று இந்த வெட்டுப்புள்ளியில் கிடந்தது என்பதில் ஆய்வாளரிடையே பெரிய பிணக்கு இல்லை. யாழ்ப்பாண வளாகம் 1974-இல் திறக்கப்பட்டு, பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவரானார். ஆனால் மருத்துவ பீடம் 1978-இல்தான் வந்தது. பொறியியல் பீடத்துக்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாவட்டப் பங்கீடு

1977-இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1978-இன் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கியது. அனுமதி அதன் பொறுப்பாயிற்று. மாவட்டக் கோட்டா மட்டும் போகவில்லை. முதலில் 30 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்றிருந்த பங்கீடு, பின்னர் 40, 55, 5 என்று நிலைபெற்றது. இறுதி 5 சதவீதம் 16 மாவட்டங்களுக்கு உரியது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களும் இதில் அடங்கும். யாழ்ப்பாணமும் அந்தப் பட்டியலில் இருப்பது 1960-களின் பரீட்சகர் ஒருவரை வியக்க வைத்திருக்கும். மாணவர் எந்த மாவட்டத்தவர் என்பதை, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அவர் படித்த பாடசாலை தீர்மானிக்கிறது. குறைந்த வெட்டுப்புள்ளி தேடிப் பிள்ளையைக் கடைசி ஆண்டில் வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்றும் பழக்கத்துக்கு அணைபோடவே இந்த விதி.

இசட் புள்ளி

2000 வரை நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளியே அளவு. எந்தப் பாடத்தின் வினாத்தாள் அந்த ஆண்டு இலகுவாக வந்ததோ அதை எடுத்தவர் தப்பிவிடுவார். உயர்தரம் மூன்று பாடங்களாகக் குறைந்ததை ஒட்டி, பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிவரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001 முதல் பயன்பாட்டுக்கு வந்தது.

மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். இரசாயனவியலில் இடை 42, நியம விலகல் 18 என்று வைத்துக்கொண்டால் 78 எடுத்தவருக்கு 2.0000 கிடைக்கும். வேறொரு பாடத்தில் இடை 60, விலகல் 12 எனில் அதே 78-க்கு 1.5000-தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரி நான்கு தசமத்தில் பெறுபேற்றுத் தாளில் அச்சாகும். பக்கத்தில் மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. ஏ, பி, சி என்ற தரங்களுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. கலைப்பிரிவில் மூன்று ஏ வாங்கியும் சட்டம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு.

இம்முறை 1970-களின் தரப்படுத்தலுக்குக் கணித அளவில் தூரத்து உறவு. வேறுபாடு ஒன்றுதான், ஆனால் அதுவே எல்லாம்: இங்கே ஒப்பீடு பாடத்துக்குப் பாடம், மொழிக்கு மொழி அல்ல. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரை ஒன்றாகக் கலந்து கணித்ததால் பெறுபேறுகள் குழம்பின. 2012-இல் உயர் நீதிமன்றம் இரு தொகுதிகளையும் தனித்தனியாகக் கணிக்கப் பணித்தது.

வாய்ப்பைக் கணித்தல்

பழக்கத்தில் உள்ள வழி எளிது: சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியோடு தன் புள்ளியை ஒப்பிடுவது. இது பாதி சரி. புள்ளிகள் நெருங்கிக் குவிந்திருக்கும் இடத்தில், இரண்டாம் தசமத்தில் ஏற்படும் சிறு அசைவும் பல மாணவரை எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ தள்ளும். சிறு மாவட்டங்களில் நிலை வேறு. அங்கே நாலைந்து பேர் மாறினாலே வெட்டுப்புள்ளி ஏறி இறங்கும்.

மாவட்ட நிலையை வைத்துக் கணிப்பதே நம்பகமானது; இடங்கள் தலையெண்ணிக்கையில் பிரிக்கப்படுபவை. மருத்துவத்துக்கு 2000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதம் 1100. 2012 கணக்கெடுப்பில் 2.03 கோடி மக்களில் முல்லைத்தீவில் இருந்தோர் சுமார் 92,000; அதன் பங்கு ஐந்து இடங்கள். யாழ்ப்பாணத்தில் சுமார் 5.8 இலட்சம், பங்கு முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ. இதற்கு மேல் பின்தங்கிய மாவட்டப் பங்கில் சில வரும். ஆனால் திறமைப் பட்டியல்தான் முதலில் நிரப்பப்படும். அதில் தெரிவானோர் மாவட்டக் கணக்கில் சேர மாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது பேர் திறமைப் பட்டியலில் போனால், மாவட்ட நிலை ஐம்பதில் உள்ளவருக்கும் கதவு திறந்திருக்கும். கணிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதையே.

மக்கள்தொகை சுருங்கினால் இடமும் சுருங்கும் என்பது இந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் கசப்பு. கிளிநொச்சியையும் சேர்த்த அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981-இல் சுமார் 8.3 இலட்சம் பேர். 2012-இல் இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 7 இலட்சம். நாட்டின் மொத்தமோ இந்த இடைவெளியில் அரைக்கோடிக்கு மேல் கூடியிருந்தது. போரும் புலம்பெயர்வும் குறைத்த தலைகளை எண்ணித்தான் பேரப்பிள்ளைகளுக்கான கதிரைகள் ஒதுக்கப்படுகின்றன.

வரிசை எண்ணைவிட விண்ணப்பத்தின் வரிசை சில வேளை அதிகம் தீர்மானிக்கும். கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை மாணவர் விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். கொழும்பு மருத்துவத்தை முதலில் எழுதுவதால் யாழ்ப்பாண மருத்துவத்துக்கான உரிமை குறையாது. விரும்பாத ஒன்றை மேலே எழுதினால் அதுவே வந்து வாய்க்கும். கட்டடக்கலை போன்ற நெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையில் தேறாமல் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. முதல் ஷையில் (முதல் தடவையில்) எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றவர் செகண்ட் ஷை எழுதுவதா, கிடைத்ததை எடுப்பதா என்பது ஒவ்வோர் ஆண்டும் பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம். பரீட்சைக்கு அமர மூன்று தடவைகள் மட்டுமே உண்டு. மீண்டும் அமர்வோர் முதல் தடவையினரோடு ஒரே பட்டியலில் வருவதால், முதல் தடவை எழுதுபவர் தன் வகுப்பை மட்டும் பார்த்துத் தன் இடத்தை மதிப்பிட முடியாது.

இன்றைய நிலை

2013-இல் தொழில்நுட்பப் பிரிவு சேர்க்கப்பட்டது. விண்ணப்பம் இணையவழிக்கு மாறியுள்ளது. கொவிட் காலத்தில் பரீட்சை நாட்காட்டி சிதறியதால் பெறுபேறு வந்து வளாகத்துள் கால்வைக்க ஓராண்டு போவது வழமையாயிற்று. அதற்குள் வசதியுள்ளோர் தனியார் நிறுவனங்களுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகின்றனர். அவர்கள் விட்ட இடங்கள் அடுத்த சுற்றுகளில் நிரப்பப்படும்போது வெட்டுப்புள்ளி சிறிது இறங்கும்.