நோயாளியின் கைக்கு வந்த அளவை

நீரிழிவு கண்டவரின் சிறுநீர் இனிக்கும் என்பதை ஆயுர்வேத ஆசாரியர்கள் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்களாயினும், அந்த இனிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்றும், இரத்தத்திலும் அவ்வினிப்பு உண்டு என்றும் 1776-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் லிவர்பூல் நகரத்து வைத்தியரான மாத்யூ டாப்ஸன்.

அதன் பின்னும் நெடுங்காலம் சிறுநீரே பரீட்சைக்குரிய பொருளாக இருந்து வந்தது. பெனடிக்ட் என்னும் நீலத் திரவத்தோடு சில சொட்டுச் சிறுநீரைச் சேர்த்துச் சுட வைத்தால், நீல நிறம் சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறும். ஆனால், இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே பெரும்பாலும் சர்க்கரை சிறுநீரில் இறங்குமாதலால், அந்தப் பரீட்சை சொன்னதெல்லாம் கழிந்துபோன நேரத்தின் சமாசாரமே. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வதையோ அது சொல்லவே சொல்லாது. 1922-இல் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட, சர்க்கரையைத் தாழ்த்தும் இன்சுலின் எண்ணற்ற உயிர்களைக் காத்ததோடு அந்தத் தாழ்வையும் நித்திய பயமாக்கியிருந்தபடியால், இக்குறை சாமானியமானதன்று.

இரத்தத்தை நேரே அளக்கும் சிறு கருவி அமெரிக்காவில் 1970-ஐ ஒட்டி வந்தபோது, அதை வைத்தியர்களுக்கே விற்றார்கள். பன்னிரண்டு வயது முதல் இந்நோயோடு வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியாளர், வைத்தியரான தம் மனைவியின் பெயரில் அதை வரவழைத்து, நாளுக்குப் பலமுறை தம் இரத்தத்தைத் தாமே அளந்து, உணவையும் ஊசியையும் அதற்கேற்ப மாற்றித் தேகநலம் பெற்றார். வைத்தியரல்லாதவர் சொல்லை ஏற்பாரில்லை என்று கண்டு, நாற்பத்தைந்தாம் வயதில் வைத்தியக் கல்லூரியிலும் சேர்ந்தார். இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் அவரே.

லீலண்ட் கிளார்க் என்னும் விஞ்ஞானி 1962-இல் வெளியிட்ட, நொதியைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் மின்முனைத் தத்துவமே பிற்காலத்தில் தோலுக்கடியில் செருகும் மெல்லிழையாக உருப்பெற்றது. 1999-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்த முதல் தொடர் அளவைக் கருவி மூன்று நாள் கணக்கைச் சேமித்ததேயன்றி, அணிந்தவர் கண்ணுக்கு எதையும் காட்டவில்லை. பின்னர் வைத்தியரே அதைப் படித்தறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் திரை விலகிற்று. இன்று அவ்விழை, இரத்தத்தினும் சில நிமிஷம் பிந்தியதேயாயினும், உயிரணுக்களின் இடையே ஊறும் நீரை அளந்து, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை காட்டுவதோடு, அளவு தாழ்ந்தால் நள்ளிரவிலும் ஒலியெழுப்பி, அதை அணிந்த குழந்தையின் தாயை எழுப்புகிறது.

இன்சுலினையே நம்பி வாழும் குழந்தைகளுக்கு, அம்மருந்தோடு இந்த அளவையையும் இலவசமாக அளிக்க அரசாங்கங்கள் முன்வர வேண்டும்.