கட்டமைப்புச் சேதம் அறிதல்: செயலூக்க உணரி முறை

பாலம், கட்டிடம், விமானத்தின் உலோகத் தோல், ஆலைக் குழாய் ஆகியவற்றுள் கண்ணுக்குப் புலனாகாமல் வளரும் விரிசலையும் அரிப்பையும், அவற்றோடு நிரந்தரமாக ஒட்டப்பட்ட சிறு வில்லைகளின் வாயிலாக அதிர்வைச் செலுத்தி, அவ்வதிர்வு அடைந்த மாறுதலைக் கணிதத்தால் ஆராய்ந்து கண்டறியும் முறை செயலூக்க உணரி முறை எனப்படும். சந்தையில் பானை வாங்குபவள் அதைத் தட்டி, ஓசையைக் கொண்டு ஓட்டையை அறிவதும், ரயில் நிலையங்களில் முன்னாளில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பரிசோதித்ததும் இதே தத்துவத்தின் ஸ்தூலமான பிரயோகங்களே. இன்று சுத்தியலின் ஸ்தானத்தில் பீங்கான் வில்லையும், செவியின் ஸ்தானத்தில் கணிப்பொறியும் அமர்ந்திருக்கின்றன.

செயலூக்கம் என்ற அடைமொழிக்குக் காரணம் உண்டு. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் பொருத்திய உணரிகள், ரயில் ஏறிச் செல்லும்போது இரும்பு அடையும் திரிபையும் நடுக்கத்தையும் அளந்து வந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியில் அவை காட்டிய அபாய எச்சரிக்கையின் பேரில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. உயிர்காத்த நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அவ்வகை உணரிகள் ரயிலோ காற்றோ வந்து பாலத்தை அசைக்கும் வரை காத்திருக்க வேண்டியவை. செயலூக்க உணரியோ, பாரம் ஏதுமில்லாத நள்ளிரவிலும் தானே அதிர்வை எழுப்பித் தானே விடையைப் பெறும்.

இதற்கு மூலாதாரமான அழுத்தமின் விளைவை 1880இல் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டனர். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பது அவர்கள் கண்டது. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்ற மறுதலையை 1881இல் காப்ரியேல் லிப்மன் கணிதத்தால் ஊகித்துரைக்க, சகோதரர்கள் அதையும் பரிசோதித்து நிரூபித்தனர். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட இவ்விளைவைப் பயன்படுத்தியவர் போல் லாஞ்ச்வான். மூன்று படிகளும் அந்நாளில் புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரான்ஸ் தேசத்தில் நிகழ்ந்தவை என்பதை அவ்வூர் வாசகர் நினைவில் வைக்கலாம். இன்று பெரிதும் வழங்குவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான். விரல் நகமளவு வில்லை ஒன்றே அதிர்வை அனுப்பவும் வாங்கவும் வல்லது.

மெல்லிய தகட்டில் இவ்வில்லை எழுப்பும் அலைகளை, 1917இல் அவற்றின் கணிதத்தை வகுத்த ஹொரேஸ் லாம் பெயரால் அழைப்பர். தகட்டின் இரு பரப்புகளுக்கும் இடையே அடைபட்டுச் செல்வதால் அவை நெடுந்தூரம் அதிகம் வலுக்குன்றாமல் பரவும். வழியில் விரிசல் குறுக்கிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும், ஒரு பகுதி உருமாறிக் கடக்கும். இடர்ப்பாடு யாதெனில், ஒரே சமயத்தில் பல வகை அலைகள் எழுகின்றன. ஒவ்வொன்றின் வேகமும் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுகிறது. கூர்மையாகப் புறப்பட்ட துடிப்பு போகப் போகப் பரந்து குழம்புகிறது. ஆகவே, தேர்ந்தெடுத்த ஓர் அதிர்வெண்ணில், பெரும்பாலும் நூறு முதல் ஐந்நூறு கிலோஹெர்ட்ஸுக்குள், சில சுற்றுகளே கொண்ட குறுந்துடிப்பை அனுப்பி, வந்த சமிக்ஞையைச் சிற்றலை மாற்றம் போன்ற கணித உபாயங்களால் காலமும் அதிர்வெண்ணும் ஒருங்கே தெரியும்படி பிரித்துப் பார்க்கின்றனர். பல வில்லைகளுக்கு எதிரொலி வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டால் விரிசலின் இடம் புலப்படும்.

மற்றொரு வழி, வில்லை மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பாகிய மின்தடுப்பை அளப்பது. வில்லையின் மின்தடுப்பில் அது ஒட்டியுள்ள பொருளின் விறைப்பும் நிறையும் பிரதிபலிப்பதால், அருகில் திருகாணி தளர்ந்தாலும் மின்தடுப்பு வரைபடத்தின் சிகரங்கள் இடம் பெயரும். சமீபத்திலுள்ள சேதத்துக்கு இது மிக நுட்பமானது, தூரத்திலுள்ளதை அறியாது.

இத்துறையின் உண்மையான பகை விரிசலன்று, வெயில். உலோகம் சூடேறினால் அலையின் வேகம் குறைகிறது, வில்லையின் குணம் மாறுகிறது, ஒட்டிய பசை நெகிழ்கிறது. மார்கழி விடியலில் எடுத்த சமிக்ஞைக்கும் சித்திரை நண்பகலில் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், சிறு விரிசல் உண்டாக்கும் வித்தியாசத்தை எளிதில் விழுங்கிவிடும். இதற்குப் பரிகாரமாக, பொருள் குறையற்றிருக்கும்போதே பல வெப்பநிலைகளில் ஆதாரச் சமிக்ஞைகளைச் சேகரித்து, பின்னால் வருவதை அவற்றுள் மிக நெருங்கியதோடு ஒப்பிடுகின்றனர். ஆய்வுக்கூடத்தின் குளிர்ந்த அறையில் பெற்ற வெற்றியை மாத்திரம் விளம்பரம் செய்வோரை வாசகர் சற்றுச் சந்தேகத்தோடு அணுகுவதே உசிதம்.

இம்முறை எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைப் புதுச்சேரியை வைத்துப் பார்க்கலாம்; அங்கே சேதத்துக்குப் பஞ்சமில்லை. கடற்கரையில் நின்ற 19ஆம் நூற்றாண்டின் மேரி என்னும் நகர மன்றக் கட்டிடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. முன்னதில் இம்முறை பெரிதும் உதவியிராது. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் உயர் அதிர்வெண் அலையைச் சில அடிகளுக்குள் உறிஞ்சிவிடும். பின்னதைப் போன்ற கான்கிரீட்டில் ஓரளவு கைகொடுக்கும். கான்கிரீட்டின் ஊடே மீயொலி செல்லும் வேகம் வினாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேலாயின் உத்தமம் என்றும், 3 கிலோமீட்டருக்குக் கீழாயின் சந்தேகத்துக்குரியது என்றும் 1992ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி வகுத்தது. அவ்விதிப்படி கையில் ஏந்திச் செய்யும் சோதனையையே உப்புக்காற்றில் துருவேறும் கம்பிகளின் அருகே வில்லை பதித்து இடைவிடாது செய்யலாம்.

இம்முறை முழுப்பயன் தரும் இடம் உலோகமே. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஆலைகளுக்கு உயிர்நாடியான நீராவிக் குழாய், இரும்புத் தொட்டி, கொதிகலன் உறை ஆகியவற்றுக்கு இது நன்கு பொருந்தும். குழாயில் பரவும் அலை, காப்புறையை முழுதும் உரிக்காமலே பல மீட்டர் தூரத்தைச் சோதித்துவிடும். ஆயினும் ஆதாரச் சமிக்ஞை இல்லாத பழங்குழாயில் வில்லையை ஒட்டினால், அன்றுதொட்டு நேரும் மாறுதல் தெரியுமேயன்றி அதற்கு முன் நேர்ந்த அரிப்பு தெளிவாகத் தெரியாது. ஆதலின் புதிய தொட்டியோ குழாயோ நிறுவுவோர், அது பணிக்கு வருமுன்னரே வில்லைகளைப் பொருத்தி முதற் பதிவை எடுத்து வைக்க வேண்டும்.