ஒரு டிஸ்க், ரெண்டு வழி

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் யூனிக்ஸ் வரலாறு. ஓடிடாதீங்க, சின்னப் பதிவுதான் :-)

90களில் ஃபைபர் சேனல் பரவினபோது, சர்வருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவே ரெண்டு கேபிள் போட ஆரம்பிச்சாங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு. நல்ல யோசனைதான். ஆனா யூனிக்ஸுக்கு அது புரியல. ஒரே டிஸ்க் ரெண்டு வழியா தெரிஞ்சா, ரெண்டு டிஸ்க்னே நினைச்சுக்கும்! ஹெச்பி-யூஎக்ஸ் தன் எல்விஎம்மிலேயே மாற்று இணைப்பு வைத்தது. மத்த இடங்களில் வெரிட்டாஸ் டிஎம்பி, இஎம்சி பவர்பாத் என்று தனி மென்பொருள் போட்டாங்க.

2000-ல் வந்த சொலாரிஸ் 8 காலத்தில் சன் நிறுவனம் எம்பிஎக்ஸ்ஐஓ-வைக் கொண்டு வந்தது. அதை இயக்க, கான்ஃபிக் ஃபைலில் 'எம்பிஎக்ஸ்ஐஓ-டிஸேபிள்' என்ற இடத்தில் 'நோ' என்று எழுதணும். அதாவது, "முடக்காதே"ன்னு சொன்னா "இயக்கு"ன்னு அர்த்தம். எந்த மகராசன் யோசிச்சாரோ!

2005-ல் வந்த சொலாரிஸ் 10-ல் இதுக்கு 'எஸ்டிஎம்எஸ்பூட்' கட்டளை இருந்தது. 'ஈ' போட்டா இயங்கும், 'டி' போட்டா முடங்கும். எதைச் செய்தாலும் ரீபூட் பண்ணணும், ஏன்னா டிஸ்க்கோட பேரே மாறிடும். பழைய ரெண்டு பேரும் போய், டிஸ்க்கின் அடையாள எண்ணோட நீளமா ஒரே பேர் வரும். விஎஃப்எஸ்டேப்பில் பழைய பேரே கிடந்தா சர்வர் ஒழுங்கா எழுந்திருக்காது. அதையும் சேர்த்துத் திருத்தினதுதான் இந்தக் கட்டளை செய்த உபகாரம். ஐபிஎம் 2002-ல் ஏஐஎக்ஸ் 5.2-லும், ஹெச்பி 2007-ல் 11ஐ வி3-யிலும் மல்ட்டிபாத்தை ஓஎஸ்ஸுக்குள்ளேயே கொடுத்தன.

ஆனா இயக்குறது ஒரு வரி வேலை. வழிகள் நிஜமாவே வேற வேறயா? அதுதான் கேள்வி. ரெண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில் போய் முடிஞ்சா, அது ஒரு வழிதான். நான் இருக்கும் பார்க்டேலில் குயீன் தெருவில் 501, கிங் தெருவில் 504 என்று ரெண்டு ஸ்ட்ரீட்கார். ஆனா மேற்கே ரான்செஸ்வேல்ஸ் முனையில் ரெண்டு தெருவும் சேர்ந்துடும். அங்கே தோண்டினா ரெண்டுக்கும் ஆப்பு.

2022 ஜூலை 8 அன்னைக்கு கனடா முழுக்க இதைத்தான் பார்த்தது. ரோஜர்ஸ் நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கை மேம்படுத்தும்போது ஒரு ரூட்டிங் வடிகட்டியை நீக்க, வெள்ளமா வந்த தகவலில் மைய ரூட்டர்கள் படுத்துடுச்சு. செல்போனுக்கும் வீட்டு இணையத்துக்கும் ஒரே மையம், ரெண்டும் போச்சு. 1.2 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. பலரால் 911-ஐக் கூட அழைக்க முடியல. இன்டெராக் டெபிட்டும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் ரோஜர்ஸ் மையத்தை ரெண்டாப் பிரிப்பதாகவும், இன்டெராக் இன்னொரு நிறுவனத்தைச் சேர்ப்பதாகவும் அறிவிச்சாங்க.

அதனால 'ஈ' போடுறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல படம் வரைஞ்சு, ரெண்டு கோடும் எங்கே தொடுதுன்னு பாருங்க. ஏஐஎக்ஸ், ஹெச்பி ஆளுங்க யாராவது இருந்தா, உங்க கதையைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க.