அறுபத்து நான்கு கட்டங்களும் அறிஞர் அல்பீரூனியும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு எனக் கட்டந்தோறும் இரட்டித்துத் தருமாறு அரசனிடம் பரிசில் வேண்டிய ஞானியின் கதையை அறியாதார் நம்மில் அரியர். அரசன் நகைத்தான், கணக்கர் கணித்துச் சொன்னதும் திகைத்தான் என்பதோடு கதையை நாம் முடித்துவிடுகிறோம். அக்கணக்கின் வரலாறு கதையினும் சுவை மிக்கது.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (கி.பி. 1211–1282), ‘வஃபயாத்துல் அஃயான்’ என்னும் தம் பெருநூலில் இதனை எடுத்துரைக்கிறார். அப்பாசியக் கலீஃபாக்களின் அவையில் சதுரங்க வல்லவராகவும் இலக்கிய மேதையாகவும் விளங்கிய அபூபக்ர் அஸ்ஸூலியின் வரலாற்றைக் கூறுமிடத்து, சதுரங்கத்தை இயற்றியவர் ஸூலியே என்று பலர் எண்ணுவது பிழையென மறுத்து, அப்பெருமையை ஹிந்து தேசத்து ஸிஸ்ஸாவுக்கே உரித்தாக்குகிறார். கோதுமைக் கணக்கின் பெருக்கத்தை அவரும் முதலில் நம்பினாரில்லை. அலெக்ஸாந்திரியா நகரத்துக் கணக்கர் ஒருவர் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே ஒப்பினார். களஞ்சியங்கள் 1,024 கொண்டது ஒரு நகரமென வைத்தால், இறுதிக் கட்டத்துக்கு மட்டும் 16,384 நகரங்கள் வேண்டும் என்பது அக்கணக்கரின் முடிவு.

இதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, அல்பீரூனி தம் ‘அல்ஆஸாருல் பாக்கியா’வில் முழுத்தொகையையும் தந்துவிட்டார். 18,446,744,073,709,551,615 என்பது அத்தொகை. அதை அவர் அடைந்த வழியே வியப்புக்குரியது. கட்டங்கட்டமாக அறுபத்து மூன்று முறை இரட்டித்துப் பின்னர் அனைத்தையும் கூட்டுவது பாமரர் வழி. அல்பீரூனி காட்டும் விதியோ வேறு. ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு அப்பாலுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். ஐந்தாம் கட்டத்தில் 16. அதனை அதனாலேயே பெருக்க ஒன்பதாம் கட்டத்தின் 256 வரும். அதனின்று பதினேழாம் கட்டத்தின் 65,536. அதனின்று முப்பத்து மூன்றாம் கட்டத்தின் 4,294,967,296. இன்னும் ஒரு பெருக்கல் செய்தால், பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தை எட்டிவிடுகிறோம். அதில் ஒன்றைக் கழித்தால் அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம்! இரண்டிலிருந்து தொடங்கினால் ஆறே பெருக்கல்கள், ஒரே கழித்தல்.

இவ்வழி அல்பீரூனிக்கும் முற்பட்டது. கி.பி. 952இல் திமிஷ்கில் தம் கணித நூலை எழுதிய அல்உக்லீதிஸியும் இத்தகைய சுருக்க வழியை ஆராய்ந்தவரே. இன்று கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் முறைகளுள் இதுவும் ஒன்று. அத்துறையின் பேராசிரியரான டொனால்ட் நூத், 1969இல் முதற்பதிப்பாக வந்த தம் நூலின் இரண்டாம் பாகத்தில் இம்முறையை விரித்துரைக்கிறார். மற்றொரு பொருத்தமும் உண்டு. இக்காலக் கணிப்பொறிகள், ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரு நிலைகளில் ஒன்றைத் தாங்கும் மின்னணு இடங்கள் அறுபத்து நான்கை ஓர் எண்ணுக்கென ஒதுக்குகின்றன. குறை எண்களுக்கு இடமளிக்காதபோது, அவற்றில் அடங்கும் மிகப்பெரிய எண் அல்பீரூனி எழுதிய அதே எண்தான். ஒவ்வோர் இடமும் சதுரங்கத்தின் ஒரு கட்டம் போன்றதாகலின் இது தற்செயலன்று.

சதுரங்கம் ஆடுவது பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சூதாட்டம் கலந்தால் விலக்கப்பட்டது என்பதில் வேற்றுமையே இல்லை. அந்த ஆய்வு இங்கு நம் நோக்கமன்று. பலகையைக் கண்ட அறிஞர், ஆட்டத்தைக் கடந்து அதனுள் எண்ணின் இயல்பைக் கண்டார் என்பதே நாம் கருதத்தக்கது.

கணிப்பொறியை நம் முன்னோரே கண்டுபிடித்துவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அம்முழக்கம் அம்முன்னோருக்கே பொருந்தாது. அவர்கள் தம் எண் முறையை ‘அல்ஹிஸாபுல் ஹிந்தீ’ என்று, பெற்ற இடத்தின் பெயராலேயே வழங்கினர். சதுரங்கத்தின் பெருமை ஹிந்து தேசத்ததே என்று இப்னு கல்லிகான் எழுதினார். அல்பீரூனியோ ஸமஸ்கிருதம் பயின்று, இந்நாட்டு அறிவை இந்நாட்டார் பெயராலேயே உலகறியச் செய்தார். கடன் பெற்றதை மறையாமல் உரைத்து, அதனைப் பெருக்கித் திருப்பித் தந்தவர்கள் அவர்கள்.

நம் மத்ரஸாக்களில் ‘ஃபராயிள்’ எனும் வாரிசுரிமைப் பாடத்தைக் கணக்கின்றி நடத்துதல் இயலாது. அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ரு நூலில் பெரும்பகுதி, மரண சாசனமும் வாரிசுப் பங்கும் பற்றிய கணக்குகளே. விதவைக்கும் அநாதைக்கும் உரிய பங்கு ஒரு மணியளவும் குறையாதிருக்கப் பிறந்த கலை அது. அதனை நம் மாணவர் மனனம் செய்வதோடு நிறுத்தி, ஏன் என்று வினவாது விடின், முன்னோர் பெயர் மட்டுமே நம்மிடம் எஞ்சும். அவர்தம் அறிவு, உழைப்பவர் எவரோ அவரிடம் சென்று சேரும்.