முழக்கமும் வாளும்

ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) ஸிஃப்பீன் களத்தில் நடுவர் தீர்ப்புக்கு இணங்கிய ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து, கூஃபாவுக்கு அருகே ஹரூராவில் தங்கியது. தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்பது அவர்களின் முழக்கம். காரிஜிய்யாக்கள் என நாம் அறிந்தோர் இவர்களே. இவர்கள் வாளெடுப்பார்களா என்பதைக் கலீஃபா அவர்கள் எவ்வாறு எடைபோட்டார்கள் என்பதை நம் பாடங்கள் விரைந்து கடந்துவிடுகின்றன.

சொல் மெய், கருத்தே பிழை என்று கண்ட கலீஃபா அவர்கள், சொல்லுக்காக எவரையும் தண்டிக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வரத் தடையில்லை. பொதுநிதியில் பங்கு நிறுத்தப்படாது. நீங்கள் தொடங்காதவரை போரில்லை என உறுதியளித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சென்று வாதாடினார்கள், பலர் திரும்பினர்.

எஞ்சியோர் நஹ்ரவான் பக்கம் திரண்டனர். வழியில் நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் அகப்பட்டார். உதிர்ந்து கிடந்த பேரீச்சம்பழத்தை விலை கொடாது வாயிலிட்ட தம் தோழனைக் கடிந்து உமிழச் செய்தவர்கள், கலீஃபாவைப் புகழ்ந்த குற்றத்துக்காக அப்துல்லாஹ்வையும் கர்ப்பிணியான அவர் துணைவியையும் கொன்றனர்! பேணுதலை மட்டும் பார்த்து ஆளை மதிப்பிடுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். கொலையாளிகளை ஒப்படையுங்கள் என்றபோது, நாங்கள் அனைவருமே கொன்றோம் என்றனர். அதன் பின்னரே ஹிஜ்ரி 38இல் போர் நிகழ்ந்தது.

ஹிஜ்ரி 40 ரமளானில் இப்னு முல்ஜமின் வாளுக்குக் கலீஃபா அவர்கள் ஷஹீதானார்கள். அவ்வாறாயின் முன்னைய பொறுமை தவறன்றோ என்று நம் மாணவர்கள் வினவுவதுண்டு. பஸராவைப் பாருங்கள் என்போம்.

அங்கே அபூ பிலால் மிர்தாஸ் என்பார் அதே கொள்கையினர். எனினும் வழிப்போக்கரை விசாரித்துக் கொல்வதைக் கண்டித்தவர். ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் சிறையும் கொலையுமாக அக்கூட்டத்தாரை நெருக்கினார். மிர்தாஸ் 40 பேருடன் ஊரை விட்டு வெளியேறினார். எங்களைத் தாக்காதவரை நாங்கள் தாக்கோம் என்றே அறிவித்தார். படைகள் தொடர்ந்தன, ஹிஜ்ரி 61இல் மாண்டார். அடுத்த சில ஆண்டுகளில், எதிரிகளின் பெண்டு பிள்ளைகளையும் கொல்லலாம் என்ற நாஃபிஃ இப்னுல் அஸ்ரக் அதே பஸராக் கூட்டத்தாரிடையே தலையெடுத்தார்.

நாஃபிஃ உடன் போக மறுத்தவர்களும் அங்கிருந்தனர். அபூ பிலாலைத் தம் முன்னோராகப் போற்றும் இபாழிய்யாக்கள் இன்றும் ஒமானில் வாழ்கின்றனர்.