மண்ணுக்குள் ஒரு டாங்கி: ஃபிளெஸ்கியேர் ஊரின் டெபோரா

வட பிரான்சில் காம்பிரே நகருக்குத் தென்மேற்கே உள்ள ஃபிளெஸ்கியேர் என்னும் சிற்றூரில், 1998 நவம்பரில், முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் டாங்கி ஒன்று நிலத்தடியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. டி 51 என்ற எண்ணும் டெபோரா என்ற பெயரும் கொண்ட அவ்வண்டி, 1917 நவம்பர் 20 அன்று தொடங்கிய காம்பிரே போரின் முதல் நாளிலேயே அழிக்கப்பட்டதாகும்.

‘ஹிண்டன்பர்க் வரிசை’ எனப்பட்ட ஜெர்மானிய அரண் தொடரை உடைப்பதற்காகப் பிரிட்டிஷ் படை அன்று 476 டாங்கிகளைத் திரட்டியது. அவற்றுள் 378 நேரடிச் சண்டைக்குரியவை, எஞ்சியவை பெரும்பாலும் பொருள்களைச் சுமந்து செல்லவும் முள்கம்பி வேலிகளை இழுத்து அகற்றவும் பயன்பட்டவை. அவற்றின் முதன்மை வகையான ‘மார்க் 4’ ஏறத்தாழ 28 டன் எடையும் 105 குதிரைத்திறன் இயந்திரமும் கொண்டது. எட்டுப் பேர் அமர்ந்து இயக்கிய இது, நல்ல நிலத்தில்கூட மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்திலேயே ஊர்ந்தது. பீரங்கி பூட்டியவற்றை ‘ஆண்’ என்றும் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே கொண்டவற்றைப் ‘பெண்’ என்றும் படையினர் வகைப்படுத்தினர். டெபோரா பெண் வகையைச் சேர்ந்தது.

முன்னறிவிப்பாக அமையும் நெடுநேரக் குண்டுவீச்சைத் தவிர்த்து, டாங்கிகளையும் திடீர்ப் பீரங்கித் தாக்குதலையும் இணைத்த இத்திட்டம் பல இடங்களில் வெற்றி பெற்றபோதிலும், ஃபிளெஸ்கியேர் மேட்டில் தடைபட்டது. மேட்டின் மறுசரிவில் நிறுத்தப்பட்டிருந்த ஜெர்மானியப் பீரங்கிகள், உச்சியைக் கடந்து வெளிப்பட்ட டாங்கிகளை ஒவ்வொன்றாகக் குறிவைத்தன. ஜெர்மானிய அதிகாரி ஒருவர் தனித்து நின்று பல டாங்கிகளை வீழ்த்தினார் என்னும் செய்தி பிரிட்டிஷ் தளபதி ஹெய்க்கின் அறிக்கையிலேயே இடம்பெற்று, பின்னர் பெருங்கதையாக வளர்ந்தது. இரண்டாம் லெப்டினன்ட் ஃபிராங்க் ஹீப் தலைமையில் ஊருக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறிய டெபோராவைக் குண்டுகள் தாக்க, குழுவினருள் ஐவர் மாண்டனர். பிழைத்தோரைத் தம் அணிகளுக்கு மீட்டுவந்த ஹீப்புக்கு ராணுவச் சிலுவை விருது அளிக்கப்பட்டது.

சிதைந்த வண்டி பின்னர் ஒரு பள்ளத்தில் இறக்கப்பட்டு, மண்ணால் மூடப்பட்டு, வீரர்கள் ஒதுங்கும் பதுங்கறையாக மாறியது. போருக்குப்பின் களத்தில் கிடந்த டாங்கிகள் பழைய இரும்பாக வெட்டப்பட்டபோது, இது தப்பியதற்கு அந்தப் புதைவே காரணமாகும். உள்ளூர் ஆய்வாளர் ஃபிலிப் கோர்சின்ஸ்கி, முதியோரின் நினைவுகளைத் துணைக்கொண்டு பல ஆண்டுகள் தேடி இதைக் கண்டறிந்தார். வண்டியில் காணப்பட்ட சேதங்களைப் படைப்பிரிவுப் பதிவுகளோடும் பழைய நிழற்படங்களோடும் ஒப்பிட்டே அதன் அடையாளம் உறுதிசெய்யப்பட்டது.

அன்று அந்த ஊர் வீழாமைக்கு டாங்கிகளின் இயலாமை மட்டுமே காரணம் என்று கருதுவது பொருந்தாது என்பதை டெபோராவின் வரலாறு உணர்த்துகிறது. டாங்கி ஊரைக் கடந்தது. ஆனால் அது திறந்த வழியைப் பின்தொடர்ந்து கைப்பற்ற வேண்டிய காலாட்படை உடன் வந்து சேரவில்லை. அன்று ஒரே நாளில் செயலிழந்த 179 டாங்கிகளில், பீரங்கிக்கு இரையானவற்றைவிடப் பழுதாகியும் பள்ளத்தில் சிக்கியும் நின்றவையே மிகுதி என்பதால், ஒற்றை வீரரின் கதையைக் கொண்டு அந்நாளின் இழப்புகளை விளக்கிவிட முடியாது. போரின் நூற்றாண்டான 2017-இல் ஃபிளெஸ்கியேரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், மாண்ட குழுவினர் உறங்கும் கல்லறைத் தோட்டத்திற்கு அருகிலேயே, சேதங்கள் செப்பனிடப்படாமல் டெபோரா வைக்கப்பட்டுள்ளது.